ஆறு மாதத்துக்கு ஒரு கடிதம்

சென்ற மாதத்தில் ஒருநாள் மாலை என் பழைய மாணவன் ஒருவன் என்னைத் தேடி வந்தான். சைக்கிளை வேலியோடு சாய்த்துவிட்டு உள்ளே வந்தவன், சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த கடிதம் ஒன்றை எடுத்து மேசைமீது விரித்தான்.

"சேர், இந்த முறையும் ஆறு மாசந்தான் நீட்டியிருக்கினம். நாளைக்குக் கையெழுத்து வைக்கவேணும். வைக்கட்டோ, விடட்டோ?"

இதே கேள்வியை 2023ஆம் ஆண்டின் நடுப்பகுதியிலும் அவன் என்னிடம் கேட்டான். அன்று நான் ஒரு கணமேனும் தயங்கவில்லை. "தற்காலிகமெண்டாலும் அரசாங்கமல்லோ? காலை உள்ளே வை, கதவு பிறகு தானாகத் திறக்கும்" என்றேன். இன்று அதே கேள்விக்கு விடை சொல்ல எனக்கு நா எழவில்லை. ஆசிரியன் மாணவனுக்குச் சொன்ன புத்திமதி பிழைத்துப்போவது புதிய சங்கதியன்று. ஆனால், எங்கே பிழைத்தது, ஏன் பிழைத்தது என்று அந்த ஆசிரியன் தன்னையே கேட்டுக்கொள்ளாவிட்டால் அவன் கற்பித்தலுக்கே அருகதையற்றவனாகின்றான். அந்த விசாரணையே இக்கட்டுரை.

"கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்கவேண்டும்" என்பது யாழ்ப்பாணத்தில் வழங்கும் பழமொழி. வரண்ட நிலத்தையும் வரையறுக்கப்பட்ட நீரையும் நம்பி வாழ்ந்த ஒரு சமுதாயம், மாதம் முடியச் சம்பளமும் முதுமைக்கு ஓய்வூதியமும் தருகின்ற உத்தியோகத்தைக் கண்டு மயங்கியதில் வியப்பில்லை. அப்பழமொழியைச் சிரிப்புக்குரியதாக்கி எழுதியவர் பலர். ஆயினும் அதற்குள்ளே ஒரு நியாயம் இருந்தது. கோறணமேந்துக் கோழி மேய்ப்பவனுக்கு நாளையும் கோழி இருக்கும் என்ற உறுதிதான் அது. இன்று கோறணமேந்து இருக்கின்றது, கோழிகளும் இருக்கின்றன, மேய்ப்பவனுக்குத்தான் நாளை என்பது இல்லை.

என் மாணவன் வன்னியிலே பிறந்தவன். 2009ஆம் ஆண்டு அவனுக்கு ஒன்பது வயது. ஊர்விட்டு ஊர் ஓடிய அந்த மாதங்களில் அவனுடைய தாய் ஒரு பொலித்தீன் பையில் சுற்றி இடுப்பிலே கட்டியிருந்த காணி அனுமதிப்பத்திரமும் பிறப்புச் சான்றிதழ்களும் எங்கோ ஒரு பதுங்குகுழியில் தவறிப்போயின. முகாமிலிருந்து மீண்ட பின்னர், தான் இன்னார் மனைவி என்பதையும் இந்த நிலம் தனது நிலம் என்பதையும் நிரூபிப்பதற்கு அந்தத் தாய் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கிய காலம் நீண்டது. மகனையும் கையிலே பிடித்துக்கொண்டுதான் அலைந்தாள். ஒரு கடதாசியின் பெறுமதி என்ன என்பதை அவன் பள்ளிக்கூடத்திலே கற்கவில்லை.

நான் ஆசிரியனாக அவனுடைய பாடசாலைக்கு வந்தபோது அவன் உயர்தர வகுப்பில் தொழில்நுட்பப் பிரிவில் படித்துக்கொண்டிருந்தான். அந்தப் பிரிவு 2013ஆம் ஆண்டு இந்நாட்டுப் பாடசாலைகளில் அறிமுகமானது. மருத்துவம், பொறியியல் என்ற இரண்டு வாயில்களுக்கு வெளியே நின்ற கிராமத்துப் பிள்ளைகளுக்கு அது ஒரு மூன்றாவது வாயில் என்றார்கள். தமிழ் மன்றத்தின் சஞ்சிகையைக் கணினியில் எழுத்துக் கோத்தவன் அவனே. பாமினி எழுத்துருவில் பழகிய எனக்கு ஒருங்குறியில் தட்டச்சுச் செய்யக் கற்றுத் தந்தவனும் அவனே. தமிழ்ச் சிறப்புப் பட்டதாரியாகிய நான், என் மொழியை எழுதுகின்ற முறையைப் பதினெட்டு வயது மாணவன் ஒருவனிடம் கற்றேன். அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

பின்னர் அவன் தகவல் தொழில்நுட்பத்தில் உயர் தேசிய டிப்ளோமாவை முடித்தான். கொழும்பிலே ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை கிடைக்கும் வாய்ப்பு வந்தது. அதே வேளையில், ஊருக்கு அண்மையில் ஓர் அரச அலுவலகத்தில், பழைய பதிவேடுகளைக் கணினியிலேற்றும் திட்டம் ஒன்றுக்கு ஆறு மாத ஒப்பந்தத்தில் ஆள் எடுத்தார்கள். அவன் என்னிடம் வந்தான். நான் கோழிப் பழமொழியைப் புதிய மொழியில் சொல்லி அனுப்பினேன்.

இனி, அந்த வேலையில் அவன் கண்ட நன்மைகளைச் சொல்லவேண்டும். நன்மையே இல்லை என்று சொல்பவன் உண்மையை மறைப்பவனாவான்.

முதலாவதாக, அது உண்மையிலேயே தேவையான வேலை. பல ஆண்டுகளாக அலுவலகங்களில் பாமினியில் தட்டச்சுச் செய்யப்பட்ட பெயர்ப் பட்டியல்கள் குவிந்து கிடந்தன. பாமினி என்பது ஆங்கில எழுத்துகளுக்கு மேலே தமிழ் உருவைப் போர்த்த ஒரு முகமூடி. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் தமிழ் மறைந்துவிடும். பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் எஞ்சும். அப்பட்டியல்களை ஒருங்குறிக்கு மாற்றி, ஒவ்வொரு பெயரையும் கையெழுத்துப் பதிவேட்டோடு ஒப்புநோக்கித் திருத்துகின்ற பணி அவனுக்குக் கிடைத்தது. இத்தகைய பணிக்குத் தொடக்கமும் உண்டு, முடிவும் உண்டு. இரண்டாண்டுக்கு இருபது பேர் வேண்டும்; நாற்பதாண்டுக்கு வேண்டியதில்லை. அதற்குத் தற்காலிகமாக ஆளெடுப்பதில் தவறு காண்பது நியாயமாகாது.

இரண்டாவதாக, நிரந்தர நியமனத்தின் தேர் மிக மெதுவாக உருள்வது. வெற்றிடம் கணக்கிட்டு, அனுமதி பெற்று, வர்த்தமானியில் அறிவித்து, பரீட்சை வைத்து, நேர்முகம் கண்டு, நியமனம் தருவதற்குள் கற்ற நுட்பம் பழையதாகிவிடும். தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பத்துக்கென்று நாடு தழுவிய ஓர் அரச சேவையே 2009ஆம் ஆண்டிலேதான் உருவாக்கப்பட்டது. அதற்குள் கணினி எங்கள் கிராமத்துக் கடைகளுக்கே வந்துவிட்டது. தற்காலிக வேலை என்ற பக்கவாசல் இல்லாதிருந்தால் எத்தனையோ அலுவலகங்களில் கணினிகள் உறை போர்த்தியபடியே கிடந்திருக்கும்.

மூன்றாவதாக, அது அவனை வளர்த்தது. இருபத்துமூன்று வயது இளைஞனை நம்பி ஓர் ஊரின் பெயர்களை ஒப்படைத்தார்கள். "சேர், இண்டைக்கு அம்மான்ரை பேரும் வந்தது. ரண்டு இடத்திலை ரண்டு மாதிரி எழுதியிருந்தது. ஆதாரத்தைப் பாத்துத் திருத்திறதுக்கு ஒப்பமும் வாங்கிப்போட்டன்" என்று ஒருநாள் அவன் சொன்னபோது அவன் முகத்திலிருந்த ஒளியை நான் மறக்கமாட்டேன். எந்தத் தனியார் நிறுவனமும் அந்த ஒளியை அவனுக்குத் தந்திருக்க முடியாது.

இவையெல்லாம் முதல் ஆறு மாதத்தின் கதைகள். பின்னர் வந்தவற்றையும் சொல்லவேண்டும்.

2022ஆம் ஆண்டு நாடு வங்குரோத்தடைந்தபோது, அரச ஊழியர்கள் ஐந்தாண்டு வரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு சென்று உழைக்கலாம் என்று அரசாங்கம் சுற்றறிக்கை விட்டது. அவர்களது சேவை மூப்பும் ஓய்வூதிய உரிமையும் பாதிக்கப்படமாட்டா. அவ்வாறு சென்றவர் ஒருவருடைய கதிரை அந்த அலுவலகத்திலும் வெறுமையாக இருந்தது. பதிவேட்டு வேலை முடிந்ததும் என் மாணவனை அந்தக் கதிரையில் இருத்தினார்கள். அன்றாடக் கடிதங்கள், இணைய விண்ணப்பங்கள், கணினிகளின் பழுது, வலையமைப்பின் பராமரிப்பு யாவும் அவன் தலையில் விழுந்தன. கடல் கடந்து சென்றவருக்கு மூப்பு வளர்கின்றது. அவருடைய கதிரையிலிருந்து வேலை செய்பவனுக்கு ஒரு நாளும் வளரவில்லை. சென்றவர்மீது எனக்குக் கோபமில்லை. வயிற்றுப்பாட்டுக்காகவே அவரும் சென்றார். ஒரே கதிரை ஒருவனுக்கு உரிமையாகவும் மற்றவனுக்குக் கருணையாகவும் இருப்பதையே நான் சுட்டுகின்றேன்.

கருணைக்கு விலையுண்டு. ஞாயிற்றுக்கிழமை மேலதிகாரியின் வீட்டுக் கணினி பழுதானால் அவனைத்தான் அழைப்பார்கள். மறுக்கலாமா? அடுத்த கடிதத்தில் ஒப்பமிடுகின்ற கை அதுவல்லவா? கடிதம் முடிவதற்கு ஒரு மாதம் இருக்கையில், "அரசியல்வாதி ஆரையாவது ஒருக்காச் சந்தியும்" என்று நலன்விரும்பிகள் காதோடு சொல்வார்கள். கடிதத்துக்கும் கடிதத்துக்கும் இடையே ஓரிரு நாள் இடைவெளி விழும். அந்த இடைவெளி மறதியால் விழுவதன்று. தொடர்ச்சியான சேவை என்ற உரிமை முளைவிடாதபடி கிள்ளுவதற்கே விழுகின்றது. அவனோடு வேலை செய்யும் ஒரு பெண்பிள்ளை, தான் கருவுற்றிருப்பதை அடுத்த கடிதம் கைக்கு வரும்வரை எவருக்கும் சொல்லாமல் மறைத்தாளாம். சொந்தப் பிள்ளையின் வரவை அச்சத்தோடு மறைக்கவைக்கின்ற வேலையை எவ்வாறு உத்தியோகம் என்று அழைப்பது?

வீடு கட்டக் கடன் கேட்டு வங்கிக்குப் போனான். "நிரந்தர நியமனக் கடிதம் இருக்கோ?" என்று கேட்டார்கள். கலியாணம் பேசிய இடத்திலும் அதே கேள்விதான். வங்கிக்கும் சம்பந்திகளுக்கும் இருக்கின்ற தெளிவு எனக்கு இருக்கவில்லை.

இங்கே ஒரு மறுப்பு எழக்கூடும். "நிரந்தரமாக்கினால் வேலை செய்வார்களா? தேநீர் குடிப்பதற்கும் பத்திரிகை வாசிப்பதற்குமே நேரம் போதாதவர்கள் இல்லையா?" என்பர். இருக்கின்றார்கள். நானும் அவர்களிடம் வரிசையில் நின்றவனே. ஆனால் சோம்பலுக்கு மருந்து மேற்பார்வையே தவிர அச்சமன்று. அச்சத்தில் உழைப்பவன் மேலதிகாரிக்காக உழைப்பான். மக்களுக்காக உழைப்பதற்குத் தன் காலில் நிற்கின்ற நிமிர்வு வேண்டும். பிழையான பட்டியலில் ஒப்பமிடச் சொன்னால் "மாட்டேன்" என்று சொல்லக்கூடியவன், நாளைக்கும் வேலை உண்டு என்ற உறுதி உடையவனே.

தற்காலிகத்தின் தீமை ஊழியனோடு நின்றுவிடுவதுமில்லை. இதனைப் புரிந்துகொள்ள எங்கள் வன்னிக் குளங்களைப் பார்த்தால் போதும். குளம் வெட்டுவதற்கு ஆயிரம் பேர் வருவார்கள்; வெட்டி முடிந்ததும் போய்விடுவார்கள். அது தற்காலிக வேலை. ஆனால் அணைக்கட்டைப் பார்த்து, மழைக்காலத்தில் நீர்மட்டம் அளந்து, துருசைத் திறந்து மூடுகின்றவன் போய்விட முடியாது. போனால் ஒரு மாரியோடு வயலும் ஊரும் சேர்ந்து போகும். வெட்டும் வேலைக்கு முடிவுண்டு. பேணும் வேலைக்கு முடிவில்லை. அரச தொழில்நுட்பத்தில் நாம் செய்கின்ற பெருந்தவறு, பேணுகின்றவனையும் வெட்டுகின்றவனைப் போலவே ஆறு மாதக் கணக்கில் அமர்த்துவதே.

பேணாமையின் விளைவை நாடு ஒருமுறை கண்டிருக்கின்றது. 2023ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாத இறுதியில் அரசாங்கத்தின் மின்னஞ்சல் முறைமை கப்பம் கோரும் தீநிரல் ஒன்றின் தாக்குதலுக்கு உள்ளானது. ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. அவ்வாண்டு மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான மடல்கள் மீட்கமுடியாமல் போயின. காலாவதியான மென்பொருள் உரிய காலத்தில் புதுப்பிக்கப்படாதிருந்தமை முக்கிய காரணமாகச் சொல்லப்பட்டது. அதைத் தற்காலிக ஊழியர்கள்மீது சுமத்துவது அநீதி. நான் அவ்வாறு சொல்லவில்லை. கட்டுவதற்குப் பணம் தேடுகின்ற நாடு, கட்டியதைப் பேணுவதற்கு ஆளும் பணமும் ஒதுக்க மறக்கின்றது என்பதற்கே அதனைச் சான்றாகக் காட்டுகின்றேன். 2025ஆம் ஆண்டு பெப்ரவரியில் அரச கொடுப்பனவுகளை இணையவழியில் செலுத்துகின்ற 'கவ்பே' முறையும் தொடக்கிவைக்கப்பட்டது. வரியும் கட்டணமும் கணினி வழியே ஓடத் தொடங்கிய பின்னர், கணினியைப் பேணுவது ஒரு திட்டமன்று, அதுவே நிருவாகம்.

என் மாணவனின் அலுவலகத்தில் எந்தப் பட்டியல் எந்தக் கணினியில் இருக்கின்றது, எந்தப் பெயர்கள் இன்னும் ஒப்புநோக்கப்படவில்லை என்பதெல்லாம் அவன் ஒருவனுக்கே தெரியும். நாளை அவன் கையெழுத்திடாமல் விட்டால் அந்த அறிவும் அவனோடு சைக்கிளில் ஏறிப் போய்விடும். பிறகு, தன் பெயர் ஏன் பிழையாக வருகின்றது என்று கேட்டு ஒரு கிழவி அந்த யன்னலில் நிற்பாள். "அது முந்தி இருந்த பொடியன் செய்தது" என்று விடை வரும். 2009இன் பின்னர் அவனுடைய தாய் கேட்ட விடைகளும் இவை போன்றவையே.

அப்படியானால் எல்லோரையும் நிரந்தரமாக்கிவிடலாமா? 2014ஆம் ஆண்டில் பொது நிருவாக அமைச்சின் 25/2014 இலக்கச் சுற்றறிக்கை, 180 நாட்கள் சேவை செய்த தற்காலிக, அமைய, ஒப்பந்த ஊழியர்களை நிரந்தரமாக்க வழிசெய்தது. பல ஆண்டுகள் நாட்கூலியாய்த் தேய்ந்த பல குடும்பங்களில் அதனால் விளக்கெரிந்தது. அதனை வரவேற்காதிருக்க முடியாது. ஆனால் அதற்கு மறுபக்கமும் உண்டு. போட்டிப் பரீட்சையின்றிச் சிபாரிசினால் உள்ளே வந்தவன் 180 நாட்களை எண்ணிக்கொண்டிருப்பான். சிபாரிசற்ற ஏழையின் பிள்ளை பரீட்சையை எதிர்பார்த்து வெளியே நிற்பான். தற்காலிகம் என்ற பக்கவாசல் அகலமாக அகலமாக, பரீட்சை என்ற தலைவாசல் ஒடுங்கிப்போகும். ஆகவே தேவை, அவ்வப்போது வருகின்ற கருணையன்று. எப்போதும் நிற்கின்ற விதி.

அந்த விதி எவ்வாறிருக்கலாம்? என் சிற்றறிவுக்கு எட்டியதைச் சொல்கின்றேன். முடிவுள்ள வேலைக்கு முடிவுத் திகதியை முதல் நாளிலேயே எழுதி, முழுக் காலத்துக்கும் ஒரே கடிதம் தரவேண்டும். இரண்டாண்டு வேலைக்கு நான்கு கடிதம் எதற்கு? அந்தத் தெரிவும் பகிரங்கமாக, திறமை பார்த்து நடைபெறவேண்டும். ஒரே வேலை தொடர்ந்து தேவைப்படுமானால் அதற்கு நிரந்தரப் பதவி உருவாக்கி, பகிரங்கப் பரீட்சை வைத்து, செய்த சேவைக்குப் புள்ளியும் வழங்கவேண்டும். சம வேலைக்குச் சம வேதனம் வேண்டும். ஓய்வூதியம் இல்லாதவனுக்கு, ஊழியனின் 8 வீதமும் தொழில்கொள்வோரின் 12 வீதமும் சேர்ந்த சேமலாப நிதியாவது தவறாமல் செலுத்தப்படவேண்டும். போகின்றவன் தான் அறிந்ததை எழுதி ஒப்படைத்துவிட்டுப் போகும் ஒழுங்கும் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, தற்காலிக ஊழியனுக்குத் தொழிற்சங்கத்தில் இடம் வேண்டும்.

கடைசியிற் சொன்னதை எழுதும்போது என் கை சற்றுத் தயங்குகின்றது. ஏனென்றால் அது அரசாங்கத்துக்கு மட்டும் சொன்னதன்று.

2017ஆம் ஆண்டு வடக்கிலும் கிழக்கிலும் வேலையற்ற பட்டதாரிகள் வீதியோரத்தில் பந்தலிட்டுச் சத்தியாக்கிரகம் இருந்தபோது நானும் அங்கே இருந்தேன். ஒருநாள் அதிகாலையில், வீதி கூட்டிக்கொண்டு வந்த சுத்திகரிப்புத் தொழிலாளி ஒருவர் எங்கள் பந்தலைச் சுற்றிக் கிடந்த குப்பையையும் அள்ளினார். நான் எழுந்து பேச்சுக் கொடுத்தேன். "நானும் தற்காலிகந்தான் தம்பி. பன்ரண்டு வருசமாச்சு" என்றார். பிறகு விளக்குமாற்றைத் தோளில் வைத்தபடி, "உங்களுக்கு வேலை கிடைச்சால் எங்களையும் நினைச்சுக்கொள்ளுங்கோ" என்று சிரித்தார். எங்களுக்கு வேலை கிடைத்தது. நாங்கள் நினைக்கவில்லை. படித்தவனுக்கு வேலையில்லாவிட்டால் அது தேசத்தின் பிரச்சினை. வீதி கூட்டுபவன் பன்னிரண்டாண்டு தற்காலிகமாயிருந்தால் அது அவன் தலைவிதி என்று எங்களுக்குள்ளே ஒரு கணக்கு இருந்தது. அந்தக் கணக்கின் பின்னே இருந்தது வர்க்கம் மட்டுமன்று, சாதியும் கூட. மலையகத்திலே பேர் பதிந்த தொழிலாளி என்றும் பேர் பதியாத தொழிலாளி என்றும் ஒரே மலையில் இரண்டு சாதி வகுத்த முதலாளித்துவம், இன்று அதே பிரிவினையைக் கணினியின் முன்னாலும் கொண்டுவந்து இருத்தியிருக்கின்றது. விளக்குமாறு பிடித்தவனிடம் ஒத்திகை பார்த்த அநீதி, விசைப்பலகை பிடித்தவனிடம் அரங்கேறியிருக்கின்றது. முதலாவதைக் கண்டு மௌனமாயிருந்தவர்கள் இரண்டாவதைக் கண்டு திடுக்கிடுவதில் பொருளில்லை.

அன்றிரவு நானும் என் மாணவனும் நெடுநேரம் பேசினோம். "விட்டிட்டுக் கொழும்புக்குப் போ" என்று சொல்ல என்னால் முடியவில்லை, அங்கேயும் ஒப்பந்தந்தான். "கையெழுத்து வை" என்று பழையபடி சொல்லவும் முடியவில்லை. இறுதியில் அவனே சொன்னான்: "இன்னும் நானூற்றுச் சொச்சப் பேர் ஒப்புப் பாக்கக் கிடக்குது சேர். அதை விட்டிட்டுப் போக மனம் வரேல்லை. ஆனா இந்த முறை சும்மா வைக்கமாட்டன்."

மறுநாள் அவன் கையெழுத்து வைத்தான். அதே நாள் மாலையில், அவனைப் போன்ற பதினொருவர் ஒரு வீட்டு முற்றத்தில் கூடினார்கள். கருவுற்றிருந்த அந்தப் பெண்பிள்ளையும் வந்திருந்தாள். மேலே நான் எழுதிய கோரிக்கைகளுட் பல அவர்கள் வாயிலிருந்து வந்தவையே; மனுவின் மொழியைச் சீர்செய்தது மட்டுமே என் பங்கு. அந்த மனுவை எடுத்துக்கொண்டு எங்கள் ஆசிரியர் சங்கக் கிளைக் கூட்டத்துக்குப் போனேன். "நல்ல விஷயந்தான் மாஸ்ரர். ஆனா அவை எங்கடை அங்கத்தவர்கள் இல்லையே" என்றார் ஒரு நண்பர். அவர் கெட்டவரல்லர். 2017இல் பந்தலிலே என் அருகில் பாய்விரித்துப் படுத்தவர்.

எங்கள் பாடசாலைக் கணினி அறையைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளையும் தற்காலிக ஊழியரே என்று அவருக்கு நினைவூட்டினேன். எங்கள் மாணவர்கள் அவரையும் 'மிஸ்' என்றுதான் அழைக்கின்றார்கள். நிரந்தரம், தற்காலிகம் என்ற வேற்றுமை அவர்களுக்குத் தெரியாது. எங்களுக்குத்தான் தெரிகின்றது. நண்பர் பேசாமலிருந்தார். அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் அந்த மனு சேர்க்கப்பட்டிருக்கின்றது. அன்று எத்தனை கைகள் உயரும் என்பதை நான் அறியேன். என்னுடையது உயரும். இதை வாசிக்கின்ற ஆசிரிய நண்பர்களே, உங்கள் கிளைகளிலும் இந்தக் கேள்வியை எழுப்புங்கள்.